இடது கையைத் தூக்காமல் ஒரு போட்டி

புல்ஸ்ஐ என்ற, காகித இலக்கைப் பிஸ்டலால் சுடும் போட்டியில் துப்பாக்கி சிக்கிக்கொண்டால் நாமாக அதைக் குடைந்து சரிசெய்யக் கூடாது. குழலை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு, சும்மா இருக்கும் கையைத் தூக்கி நிற்க வேண்டும். ரேஞ்ச் எனும் சுடுதளத்தின் அலுவலர் வந்து பார்த்து, நிஜமாகவே சிக்கல்தான் என்றால் மறுபடி சுட விடுவார். இதற்கு 'அலிபை' என்று பெயர். அதற்கும் அளவு உண்டு. அந்த அக்டோபர் ஞாயிற்றுக்கிழமை நான் மூன்று முறை இடது கையைத் தூக்கினேன். மூன்றாவது முறை பக்கத்து இடத்தில் நின்ற பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

நான் ஒஹையோவில் இருக்கிறேன். ஈரி ஏரிக்கரையில் கேம்ப் பெர்ரி இருக்கும் மாநிலம். 1907 முதல் தேசியத் துப்பாக்கிப் போட்டிகள் நடந்த இடம் என்பதால் இந்தப் பக்கத்துக் கிளப்புகளில் புல்ஸ்ஐ சுடுகிற வயதானவர்கள் நிறைய. கோவையில் படித்த நாளில் என்சிசி முகாமில் பாயிண்ட் டூ டூ ரைஃபிளில் சில ரவுண்டு சுட்டதோடு என் அனுபவம் சரி. நாற்பது வயதுக்கு மேல் 1911 என்ற மாடலில் ஒரு பழைய .45 பிஸ்டல் வாங்கினேன். ஒரு வருடத்தில் அதற்குத் தோட்டா தயாரிக்கவும் உட்கார்ந்துவிட்டேன். இங்கே சொந்த உபயோகத்துக்கு ரீலோடிங் (சுட்ட பித்தளைக் கூட்டில் மறுபடி மருந்தும் குண்டும் வைத்துத் தோட்டா ஆக்குவது) செய்ய மத்திய அரசு உரிமம் எதுவும் கேட்பதில்லை. செய்து விற்றால்தான் வேண்டும்.

ஏன் அதில் இறங்க வேண்டும் என்று கேட்டால், கணக்கைப் பாருங்கள். ஒரு முழுப் போட்டி 270 ரவுண்டு: .22 அங்குலக் குழலில் 90, செண்டர்ஃபயரில் (கூட்டின் அடி நடுவில் பற்றவைக்கும் வகை) 90, .45-இல் 90. செண்டர்ஃபயர் பகுதியையும் .45-ஆலேயே சுடலாம் என்பதால் என்னைப் போன்ற பலர் ஒரு நாளில் 180 .45 தோட்டா சுட்டுத் தீர்ப்போம். எல்லாமே ஒற்றைக் கையால். 50 கஜத்தில் நிதானமாகப் பத்து, 25 கஜத்தில் 20 வினாடிக்கு ஐந்து, அப்புறம் 10 வினாடிக்கு ஐந்து என்று போகும். மொத்தம் 2700 புள்ளி. அதை முழுசாக எடுத்தவர் இதுவரை இல்லை. 1974-இல் ஹெர்ஷல் ஆண்டர்சன் எடுத்த 2680-ஐத்தான் இன்றும் சொல்கிறார்கள். நான் அந்த ஊருக்குப் பஸ் ஏறக்கூட இல்லை என்பது வேறு விஷயம். ஆனால் பயிற்சிக்கும் சேர்த்துக் கடைத் தோட்டா வாங்கினால் வீட்டில் கேள்வி வரும். போட்டி முடிந்ததும் எல்லோரும் குனிந்து, சிந்திய நெல்லைப் பொறுக்குவதுபோல் பித்தளைக் கூடுகளைப் பொறுக்குவது அதனால்தான்.

இனி தோட்டாவின் முனையில் இருக்கும் குண்டைப் பற்றி. 'வாட்கட்டர்' என்பது மூக்கே இல்லாத, தட்டையான முகமுள்ள ஈய உருளை. காகிதத்தில் பட்டால் பஞ்சிங் மெஷின் போட்டதுபோல் வட்டமாக வெட்டும். உருண்டை மூக்குக் குண்டு காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போவதால் ஓட்டையின் விளிம்பு தெளிவாக இருக்காது. கோட்டைத் தொட்டால் உள் வளையத்தின் புள்ளி கிடைக்கும் விளையாட்டில் இது பெரிய வித்தியாசம். ஆனால் மூக்கில்லாத உருளை ஆட்டோமேட்டிக்கில் ஏறாது. ஸ்மித் அண்ட் வெஸன் அதற்கென்றே மாடல் 52 என்று ஒரு பிஸ்டல் செய்தது; .38 ஸ்பெஷல் கூட்டுக்குள் குண்டு வாயோடு வாயாக அமுங்கியிருக்க வேண்டும், மேகசினில் ஐந்துதான் நிற்கும். மற்ற பிஸ்டல்களுக்கு சமரசம்தான் செமி வாட்கட்டர். முன்னால் நுனி வெட்டின கூம்பு மூக்கு, பின்னால் கூர்மையான தோள். மூக்கு ஏறுவதற்கு, தோள் வெட்டுவதற்கு.

1911 மாடலை ஜான் பிரௌனிங் வடிவமைத்தது இந்தக் குண்டுக்காக இல்லை. 230 கிரெயின் (தோட்டாக்காரர்களின் சிறு எடை அளவு) எடை, செம்பு உறை, உருண்டை மூக்கு, வினாடிக்கு சுமார் 830 அடி வேகம் என்ற ராணுவத் தோட்டாவுக்காக. அந்த மூக்கு மேகசினிலிருந்து கிளம்பி, குழல் வாசலில் இருக்கும் சாய்தளத்தில் மோதி, மேலே திரும்பி, சேம்பர் என்ற தோட்டா உட்காரும் அறைக்குள் நுழைகிற பாதை அந்த உருவத்துக்கென்று வெட்டப்பட்டது. நாம் அதில் 200 கிரெயின் ஈயக்குண்டை, அதைவிட மெதுவான வேகத்தில் போடுகிறோம். அதாவது துப்பாக்கியை ஏமாற்றுகிறோம், 'உனக்குப் பழக்கமான தோட்டாதான் வருகிறது' என்று. இது எனக்குப் புரிய ஒரு வருடம் ஆனது. அந்த வருடம் முழுவதும் துப்பாக்கியைத்தான் திட்டினேன்.

திட்டினது மட்டுமில்லை, செலவும் செய்தேன். காலிக் கூட்டை இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டரை மாற்றினேன். மூன்று கம்பெனி மேகசின் வாங்கினேன். சாய்தளத்தைப் பாலிஷ் பேஸ்ட் போட்டுப் பளபளவென்று தேய்த்தேன். நல்லவேளை கிரைண்டர் எடுக்கவில்லை, அதன் கோணம் மாறினால் புதுக் குழலே போட வேண்டியிருக்கும். சுடும்போது பின்னால் போய்த் திரும்பும் மேல்பகுதியான ஸ்லைடு கடைசிவரை மூடாமல் நிற்கிறதே என்று, வழக்கமான 16 பவுண்டு ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு 18.5 பவுண்டு ஸ்பிரிங் போட்டேன். இதைப்போல ஒரு முட்டாள்தனம் வேறில்லை. என் தோட்டாவோ மென்மையானது. கனமான ஸ்பிரிங்கைத் தள்ளிக்கொண்டு ஸ்லைடு முழுசாகப் பின்னால் போகவே இல்லை. காலிக் கூடு வெளியே விழாமல் புகைபோக்கி மாதிரி நடுவில் நட்டுக்கொண்டு நின்றது. ஒரு நோய்க்கு மருந்து போட்டு இன்னொரு நோயை வரவழைத்த கதை. இப்போது 13 பவுண்டு ஸ்பிரிங் இருக்கிறது. ராணுவ வகைத் தோட்டா சுடுகிற நாளில் மட்டும் 16-க்கு மாற்றிக்கொள்வேன்.

அந்த மூன்று அலிபை நாளில், திரும்பிப் பார்க்காத அந்தப் பெரியவர்தான் மதியம் என் மேசைக்கு வந்தார். ஓய்வு பெற்ற டூல் அண்ட் டை (கருவி, அச்சு செய்யும்) தொழிலாளி. விரல் நுனிகள் எங்கள் ஊர் லேத் பட்டறைக்காரர்களுக்கு இருப்பதுபோலவே கறுத்துக் காய்த்திருந்தன. துப்பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "உங்க குழலைக் கழற்றுங்க, தோட்டா அஞ்சு குடுங்க" என்றார். கழற்றின குழலை வாய் கீழே இருக்கும்படி பிடித்து, சேம்பருக்குள் ஒவ்வொரு தோட்டாவாக விட்டார். சரியான தோட்டா என்றால் 'ணக்' என்று தன் எடையிலேயே விழும், விரலால் சுற்றினால் தடையில்லாமல் சுற்றும், கவிழ்த்தால் தானே வெளியே வந்துவிடும். என்னுடைய ஐந்தில் இரண்டுதான் அப்படி விழுந்தன. மீதி மூன்றும் பாதியில் பிடித்துக்கொண்டு நின்றன.

அப்புறம் அவர் ஒரு மார்க்கர் பேனாவை எடுத்து, நின்றுபோன தோட்டாக்களின் குண்டிலும் கூட்டின் வாயிலும் கறுப்பு அடித்தார். மறுபடி உள்ளே விட்டு லேசாகச் சுற்றி எடுத்தார். மை எங்கே உரிந்திருக்கிறதோ அங்கேதான் உரசல். இரண்டில் குண்டின் தோளில் உரிந்திருந்தது. ஒன்றில் கூட்டின் வாயில். பத்து நிமிடம், ஒரு மார்க்கர். நான் ஒரு வருடம் செய்த செலவை நினைத்துக்கொண்டேன்.

தோளில் உரசியது என் நீளப் பைத்தியத்தால். .45-க்கு மொத்த நீளம் அதிகபட்சம் 1.275 அங்குலம் என்று கையேட்டில் இருக்கும். நான் அதையே குறியாக வைத்துக் குண்டைப் பொருத்தியிருந்தேன். அந்த அளவு உருண்டை மூக்குக் குண்டையும் சேர்த்துச் சொன்ன எல்லை. செமி வாட்கட்டரில் மொத்த நீளம் பாதிக் கதைதான். கூட்டின் வாய்க்கு வெளியே தோள் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதே மீதி. அதிகம் நீட்டினால் குழலுக்குள் வெட்டிய சுருள் வரிகளான புரிகள் தொடங்கும் இடத்தில் முட்டும். முழுக்க உள்ளே போனால் வேறு சங்கடம்: கூட்டின் வாய் விளிம்பே சாய்தளத்திலும் சேம்பர் விளிம்பிலும் இடிக்கும், உள்ளே இடம் குறைந்து அழுத்தமும் ஏறும். நகத்தின் கனம் அளவுக்குத் தோள் வெளியே தெரிய வேண்டும் என்பது இங்கே பழையவர்கள் சொல்லும் அளவு. ஹென்ஸ்லி அண்ட் கிப்ஸ் அச்சு எண் 68 என்ற பழைய 200 கிரெயின் உருவமும் அதன் நகல்களும் இன்றுவரை விற்பதற்குக் காரணம், தோளை அப்படி வைத்துப் பொருத்தும்போது மொத்த நீளம் 1.25 அங்குலத்தை ஒட்டி வந்து, மூக்கு நுனி ராணுவத் தோட்டாவின் மூக்கு மோதும் இடத்துக்குப் பக்கத்திலேயே போய் மோதும். மூக்குக் குட்டையான வேறு குண்டுக்கு இதே 1.25 பொருந்தாது. குண்டு மாறினால் அளவும் மாறும், குழல் மாறினாலும் மாறும்.

அதனால் இப்போது புதிய குண்டுப் பெட்டி பிரித்தால் முதலில் வெடிமருந்தும், அதைப் பற்றவைக்கும் ப்ரைமரும் இல்லாமல் ஐந்து வெற்றுத் தோட்டா செய்வேன். குழலில் விட்டுப் பார்த்து, மேகசினில் ஏற்றிப் பார்த்து, சரியானதும் ஒன்றை எடுத்து அதன்மேல் குண்டின் பெயரைப் பேனாவில் எழுதி டப்பாவில் போட்டு வைப்பேன். அடுத்த முறை டையை (கூட்டையும் குண்டையும் அழுத்திப் பொருத்தும் அச்சை) அதை வைத்தே சரிசெய்யலாம். வெர்னியரைவிட இந்த டப்பாதான் எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

வாயில் உரசியதற்குக் காரணம் வேறு. ஈயக்குண்டு மெத்தென்று இருப்பதால் அதை உள்ளே விடுமுன் கூட்டின் வாயை லேசாகப் புனல் மாதிரி விரிக்க வேண்டும். பித்தளை சீக்கிரம் வெடிக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு நான் கஞ்சத்தனமாக விரித்திருந்தேன். குண்டு உள்ளே போகும்போது பக்கவாட்டில் சீவப்பட்டு, வாயைச் சுற்றி மெல்லிய ஈய வளையம் நின்றது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, நகத்தால் தடவினால் தெரியும். இந்த வளையம் முதலில் ஒன்றும் செய்யாது; முப்பது நாற்பது ரவுண்டில் சேம்பரின் முன் விளிம்பில் கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்து, அதற்கப்புறம்தான் வேலையைக் காட்டும். சனிக்கிழமைப் பயிற்சியில் நன்றாகச் சுட்ட துப்பாக்கி ஞாயிறு போட்டியில் நடுவில் நின்றுபோன மர்மம் இதுதான்.

குண்டு உட்கார்ந்த பிறகு அந்தப் புனலை மறுபடி நேராக்குவதற்குப் பெயர் டேப்பர் கிரிம்ப். .45 கூடு சேம்பருக்குள் தன் வாய் விளிம்பில்தான் நிற்கிறது. ரிவால்வர் தோட்டாபோல் விளிம்பைச் சுருட்டி உள்ளே மடக்கினால் நிற்க இடமில்லாமல் போகும். எவ்வளவு இறுக்குவது என்பது எளிய கணக்கு: குண்டு 0.452 அங்குலம், பித்தளைச் சுவர் இரு பக்கமும் சுமார் 0.010, கூட்டினால் 0.472. வாயில் அளந்தால் 0.469, 0.470 வந்தால் போதும். கூடுதலாக இறுக்கினால் குண்டு கெட்டியாக நிற்கும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. பித்தளைக்கு மீள்தன்மை உண்டு, ஈயத்துக்குக் கிடையாது. இறுக்கும்போது இரண்டும் சுருங்கும், விட்டதும் பித்தளை மட்டும் கொஞ்சம் திரும்பி வரும். குண்டு தளர்ந்துபோகும். சாய்தளத்தில் மூக்கு இடிக்கும்போது தளர்ந்த குண்டு கூட்டுக்குள் இறங்கினால் அழுத்தம் எகிறும். செய்து முடித்த தோட்டாவை மேசை விளிம்பில் மூக்கு படும்படி கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். நீளம் குறையக் கூடாது. பிடியைக் கொடுப்பது முதலில் கூட்டைச் சுருக்கும் டைதான். கிரிம்ப் வெறும் புனலை மூடுகிற வேலை.

இன்னொன்று. குண்டின் பள்ளத்தில் தேன்மெழுகு கலந்த பசை தடவியிருப்பார்கள். அது குண்டு பொருத்தும் டைக்குள் ஒட்டி ஒட்டிக் கட்டியாகிவிடும். தோட்டா ஒவ்வொன்றும் முந்தையதைவிட மயிரிழை குட்டையாகிக்கொண்டே வரும். இருநூறுக்கு ஒருமுறை டையைக் கழற்றித் துடைக்கிறேன்.

வெடிமருந்துக்கு வருவோம். எத்தனை கிரெயின் என்று நான் எழுதப் போவதில்லை. மருந்துக் கம்பெனியின் இன்றைய கையேட்டைத் திறந்து, உங்கள் குண்டின் எடைக்கு இருக்கும் குறைந்த அளவில் தொடங்குங்கள். என்னுடையது உட்பட யாருடைய அளவையும் நகலெடுக்க வேண்டாம். எங்கள் தாத்தா நகைப் பட்டறை வைத்திருந்தவர். குன்றிமணி போட்டு நிறுத்தவர்கள் காலத்து ஆள். ஒரு குன்றிமணி ஏறத்தாழ இரண்டு கிரெயின் வரும். நிறுக்கும்போது மின்விசிறியை நிறுத்தச் சொல்வார், யாரும் பேசக் கூடாது. கராஜில் தராசைச் சமன் செய்யும்போது ஹீட்டர் காற்றை நிறுத்துகிற வழக்கம் எனக்கு அவரிடமிருந்து வந்தது என்று நினைக்கிறேன். ஆனால் அவர் பேச விடாததன் அர்த்தம் எனக்குப் புரிந்தது ஒரு போன் அழைப்பால்.

.45 கூடு பெரிய பாத்திரம். இலக்குச் சுடுதலுக்குப் போடும் வேக மருந்து அதன் அடியில் கொஞ்சம்தான் கிடக்கும். ஒன்றுக்கு இரண்டு முறை போட்டாலும் வழிந்து காட்டிக்கொடுக்காது. ஒரு முறைகூடப் போடாமல் விட்டாலும் வெளியிலிருந்து தெரியாது. தோட்டா செய்யும் அழுத்துக் கருவியான என் பிரஸ்ஸில், கூடுகள் நிற்கும் தட்டை நானே கையால் அடுத்த இடத்துக்குத் திருப்ப வேண்டும். ஒரு இரவு அம்மா ஊரிலிருந்து கூப்பிட்டாள். பேசி முடித்துத் திரும்பி வந்து, எங்கே விட்டேனோ அங்கிருந்து தொடர்ந்தேன். தொடர்ந்ததாக நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்து 20 வினாடித் தொடரில் மூன்றாவது குண்டுக்கு 'டப்' என்பதற்குப் பதில் 'பொத்' என்றது. ஸ்லைடு நகரவில்லை. கை பழக்கத்தில் ஸ்லைடை இழுத்து அடுத்ததை ஏற்றத் துடித்தது. ரேஞ்சில் தனியாகப் பயிற்சி செய்திருந்தால் இழுத்துச் சுட்டிருப்பேன். போட்டி என்பதால் இடது கை தூக்கிக்கொண்டது. அலிபைக்குக் கை தூக்கித் தூக்கிப் பழகினது அன்றைக்கு மட்டும் பலன் தந்தது. ரேஞ்ச் அலுவலர் துப்பாக்கியைக் காலி செய்யச் சொல்லி, கழற்றிப் பார்த்தால் குழலின் நடுவே குண்டு உட்கார்ந்திருக்கிறது. மருந்தே இல்லை, ப்ரைமர் மட்டும் அதை அவ்வளவு தூரம் தள்ளியிருக்கிறது. அதன் பின்னால் இன்னொன்று போயிருந்தால் குழல் பாம்பு இரை விழுங்கினது மாதிரி உப்பியிருக்கும், அல்லது அதைவிட மோசமாக ஆகியிருக்கும். பித்தளைத் தண்டு வைத்துத் தட்டி எடுத்தோம். எடுத்த குண்டு இன்னும் என் மேசையில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அந்தத் தொகுதியில் மீதமிருந்த நானூறு சொச்சம் தோட்டாவையும் உடைத்தேன். எடை போட்டுப் பிரித்தால் ஆகாதா என்று கேட்பீர்கள். பித்தளைக்குப் பித்தளையும், குண்டுக்குக் குண்டும் எடை வித்தியாசப்படுவதில் மருந்தின் எடை மறைந்துபோகும்; நம்ப முடியாது. மூன்று இரவு ஆனது. இன்னொரு மருந்தில்லாத கூடு கிடைத்தது. இரட்டை எதுவும் இல்லை.

அதற்கப்புறம் பிரஸ்ஸுக்கு நேர் மேலே ஒரு சின்ன விளக்கு பொருத்தினேன். குண்டு வைக்குமுன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் கண்ணை விட்டுப் பார்க்காமல் கைப்பிடி இறங்காது. போன் கராஜுக்கு வெளியே. யாராவது கூப்பிட்டு எழ வேண்டி வந்தால் தட்டில் இருக்கும் எல்லாக் கூடுகளையும் காலி செய்துவிட்டுத்தான் எழுவேன். மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பா; மீதி அலமாரியில், அதனதன் டப்பாவிலேயே. ப்ரைமரும் அதன் அட்டைப்பெட்டியிலேயே இருக்கட்டும். தீபாவளிக் கேப் மாதிரி சின்னதாக இருக்கிறதே என்று கண்ணாடிப் பாட்டிலில் கொட்டி வைத்தால் அது வெடிகுண்டு.

ப்ரைமர் என்றதும் ஒன்று: .45 கூட்டில் பெரும்பாலும் பெரிய ப்ரைமர்தான் என்றாலும் சில கம்பெனிகளின் கூட்டில் சின்னக் குழி இருக்கும். பொறுக்கிவந்ததில் கலந்துவிடும். சின்னக் குழியில் பெரியதை அழுத்தினால் நசுங்கும், சில சமயம் வெடிக்கும். டிவி பார்த்துக்கொண்டே பிரிக்கிற வேலையை நான் மகனிடம் கொடுக்க நினைத்தேன். ஏன் கொடுக்கவில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

குழலில் ஈயம் படிவதைப் பற்றி ஆளுக்கொரு கருத்து சொல்வார்கள். 'கெட்டியான குண்டு வாங்கு, படியாது' என்பது பொதுவான உபதேசம். நானும் கெட்டியானது வாங்கினேன். நூறு ரவுண்டில் குழலின் உட்புறம் பாத்திரத்துக்கு ஈயம் பூசினதுபோல் மின்னியது. காரணம் கெட்டித்தன்மை இல்லை, அளவு. குண்டு குழலின் பள்ளத்தைவிட ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் பெரியதாக இருக்க வேண்டும். என் குழல் 0.451, குண்டு 0.452. வாங்கும்போது அது 0.452-தான். கூட்டுக்குள் போய் வரும்போது இல்லை. இறுக்கமான கிரிம்ப் டை ஒன்று முழுக் கூட்டையும் சேர்த்துப் பிழிந்து, உள்ளேயிருந்த குண்டையும் இளைக்க வைத்திருந்தது. ஒரு தோட்டாவை உடைத்து அளந்தபோதுதான் தெரிந்தது. இளைத்த குண்டின் பக்கவாட்டில் சூடான வாயு சீறி, ஈயத்தை உருக்கிக் குழலில் அப்புகிறது. அந்த டையைத் தூக்கிப் போட்டதும் பிரச்சினை போயிற்று. .45 இந்த விஷயத்தில் சாது. அதன் அழுத்தத்தின் உச்ச வரம்பே 21,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). 9 எம்எம்-மில் அது 35,000, குழலின் புரிகளின் முறுக்கும் நெருக்கம், கூடும் உள்ளே சரிவாகத் தடிக்கிறது. நான் ஒரு குளிர்காலம் முயன்று கைவிட்டேன். க்ளாக் கம்பெனிப் பிஸ்டல் வைத்திருப்பவர்கள் முயலவே வேண்டாம். அதன் தொழிற்சாலைக் குழலில் உறையில்லாத ஈயக்குண்டு போடாதீர்கள் என்று அந்தக் கம்பெனியே சொல்கிறது.

கடைசியாக, மனைவி தொடங்கி வைத்த விஷயம். அவள் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறவள். குளிர்காலத்தில் ரேஞ்ச் கட்டடத்துக்குள் மாறிவிடும், 50 அடி தூரத்தில் சிறிய இலக்குகள். வீட்டுக்கு வந்தால் மூக்கைச் சிந்தும்போது கறுப்பாக வரும். "அது என்னன்னு நினைச்சீங்க? ரத்தத்துல ஈயம் பார்த்துட்டு வாங்க, அப்புறம் குழந்தையைத் தூக்குங்க" என்றாள். பார்த்தேன். டெசிலிட்டருக்கு 11 மைக்ரோகிராம். இங்கே பெரியவர்களுக்கு 3.5 தொட்டாலே கூடுதல் என்று கணக்கு.

நமக்கு ஈயம் என்றால் முதலில் ஞாபகம் வருவது ரசம் வைக்கிற ஈயச் சொம்பு. அது வெள்ளீயம். குண்டில் இருப்பது காரீயம், அதில் கொஞ்சம் வெள்ளீயமும் ஆண்டிமனியும். ஒரே பெயரின் நிழலில் எனக்கு அது பழகின உலோகமாகத் தோன்றிவிட்டது போலும். குண்டைக் கையால் தொடுவதால் மட்டும் இவ்வளவு ஏறவில்லை. ப்ரைமரில் இருப்பது லெட் ஸ்டைஃப்னேட்; சுடும்போது அது நுண்ணிய தூளாகக் காற்றில் வரும். சுட்ட கூடுகளில் ஒட்டியிருக்கும். நான் அந்தக் கூடுகளை வால்நட் ஓட்டுத்தூள் போட்டு உருட்டும் இயந்திரத்தில் மூடியில்லாமல் கராஜிலேயே ஓட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்று பிஸ்கட்டும் தின்றிருக்கிறேன். இப்போது தண்ணீரும் எஃகு ஊசிகளும் போட்டு ஈரமாகவே கழுவுகிறேன், தூசி பறப்பதில்லை. ரேஞ்ச் செருப்பு வாசலோடு நிற்கும். ரேஞ்சிலேயே ஈயம் நீக்கும் சோப்பால் கை, முகம் கழுவாமல் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. காற்று நம் முதுகிலிருந்து இலக்கை நோக்கி ஓடாத ரேஞ்சுக்குப் போவதை நிறுத்தினேன். ஒரு வருடத்தில் 5-க்கு வந்தது. மகனிடம் கூடு பிரிக்கும் வேலையைக் கொடுக்காததற்குக் காரணம் இதுதான். அவன் கராஜுக்குள் வருவதில்லை.

போன கோடையில் ஒரு முழு 2700 போட்டி, 180 .45 தோட்டா, இடது கை கால்சட்டைப் பையை விட்டு வெளியே வரவில்லை. புள்ளி மட்டும் 2300-ஐத் தாண்டவில்லை. பெரியவர் இலக்கைப் பார்த்துவிட்டு, "இனிமே துப்பாக்கியையும் சொல்ல முடியாது, தோட்டாவையும் சொல்ல முடியாது" என்று சிரித்தார்.

கிளம்பும்போது அவர் தன் பழைய 68-ஆம் எண் அச்சை ஒரு துணியில் சுற்றிக் கொடுத்தார். நான்கு குழி, கைப்பிடி மரம் கறுத்துப்போயிருக்கிறது. சொந்தமாகக் குண்டு வார்க்கச் சொல்கிறார், அவருக்கு இனி முடியவில்லையாம். உருக்கின ஈயம், புகை, கராஜ், வீட்டில் ஆறு வயதுப் பையன். துணியைப் பிரிக்காமல் அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை.